மேப்பில் வெறுமையாகத் தெரியும் ஊரைப் படிப்பது எப்படி: ஸ்பிதியை வைத்து ஒரு வழிகாட்டி

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டம் பரப்பில் சுமார் 13,800 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். 2011 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 31,564 பேர். சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர்தான். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 555. இந்த எண்ணைப் பார்த்ததும் "அப்போ அங்கே ஒண்ணுமே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், போய் வந்தவர்கள்கூட மலை, மண், காற்று என்று மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. ஆட்கள் குறைவாக இருக்கிற இடத்தில்தான் ஒவ்வொரு வீடும் ஏன் அங்கே இருக்கிறது என்று நம்மால் கண்டுபிடிக்க முடியும். சென்னையில் ஒரு தெரு அங்கே ஏன் வந்தது என்று சொல்ல நூறு காரணங்களைத் தேட வேண்டும், ஸ்பிதியில் பெரும்பாலும் ஒரே காரணத்தில் ஆரம்பிக்கலாம்: தண்ணீர்.

அதனால் இங்கே சொல்லப்போகும் முறை முழுக்கத் தண்ணீரைப் பின்தொடர்ந்து போகிறது. ஸ்பிதிக்குக் கிளம்புகிறவர்களுக்கு உதவும், போகாமல் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் உதவும். வேறு தொலைதூர ஊர் எதையாவது மனதில் வைத்திருந்தால் அதற்கும் இதையே செய்து பாருங்கள்.

முதலில் ஆறு

கூகுள் மேப்பை அப்படியே திறந்தால் சாம்பல் நிறப் பரப்பில் ஒரு ரோடும் நாலைந்து பெயரும் தெரியும், அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. சாட்டிலைட் படத்துக்கு மாற்றுங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் கூகுள் எர்த் இன்னும் நல்லது, படத்தைச் சாய்த்து மலையின் உயரத்தைப் பார்க்கலாம். இஸ்ரோவின் புவன் தளமும் இருக்கிறது. காஸா என்று தேடுங்கள், அதுதான் ஸ்பிதியின் தலைமையிடம். தேடிவிட்டு உடனே ஊருக்குள் நுழையாமல் பின்னால் வாருங்கள், ஸ்பிதி ஆறு முழுதாகத் தெரியும்வரை.

குன்சும் கணவாய்ப் பக்கத்து மலைகளில் கிளம்பி தென்கிழக்காக இறங்குகிறது இந்த ஆறு. லோசர், காஸா, தாபோ என்று தாண்டி, கின்னௌர் மாவட்டத்தில் காப் என்ற இடத்தில் சட்லெஜில் விழுகிறது. ஒரு வெள்ளைத் தாளில் இதைக் கையால் வரையுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், கையால் வரைந்தால்தான் எந்த ஓடை எந்தக் கரையில் சேர்கிறது என்பது மண்டையில் நிற்கும். வலது கரையில் (ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வலது) தாங்கர் என்ற ஊருக்கு எதிரே வந்து சேரும் 'பின்' என்ற ஆறு, இடது கரையில் லிங்டி, இன்னும் கீழே சும்தோவில் பரேச்சு. இந்த மூன்றையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

பரேச்சுவை மேல்நோக்கிப் பின்தொடர்ந்தால் ஒரு விஷயம் புரியும். அது இந்தியாவில் தொடங்கி, திபெத்துக்குள் போய், மறுபடி இந்தியாவுக்குள் வருகிற ஆறு. 2004-ல் திபெத் பகுதியில் ஒரு நிலச்சரிவு அதை அடைத்து ஏரியாக்கியது, 2005 ஜூனில் அந்த அடைப்பு உடைந்து சட்லெஜ் பள்ளத்தாக்கில் பெரிய வெள்ளம் வந்தது. கீழே இருந்தவர்களுக்கு அந்த ஏரியைக் கண்ணால் பார்க்கக்கூட வழியில்லை, சாட்டிலைட் படம்தான் காட்டியது. மாவட்ட எல்லைக்கோட்டோடு ஆராய்ச்சியை நிறுத்தக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அதுவரை போய்ப் பாருங்கள்.

மழை ஏன் வரவில்லை

இது நமக்குச் சுலபமாகப் புரியும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டும்போது மலைக்கு இந்தப் பக்கம் கோவில்பட்டி காய்கிறதே, அதே கதை, இன்னும் பல மடங்கு உயரத்தில். தெற்கே நிற்கும் இமயத் தொடர்கள் பருவமேகத்தைப் பிடித்து மணாலிப் பக்கமே இறக்கிவிடுகின்றன, தாண்டி வருவது சொற்பம். ஸ்பிதியின் உண்மையான தண்ணீர் கோடை மழையில் இல்லை, குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தச் சலனங்கள் கொட்டிவிட்டுப் போகும் பனியில் இருக்கிறது. அந்தப் பனி உருகுவதை வைத்து வருஷத்துக்கு ஒரே ஒரு போகம்: ஏப்ரல், மே வாக்கில் விதைப்பு, ஆகஸ்ட், செப்டம்பரில் அறுப்பு. பார்லி, கருப்புப் பட்டாணி எல்லாம் பழைய பயிர்கள். இப்போது காசு தருவது பச்சைப் பட்டாணி.

மழை குறைவு என்பது அங்குள்ள வீடுகளைப் பார்த்தாலே தெரியும். தட்டைக் கூரை, தடித்த மண் சுவர், கூரை விளிம்பில் அடுக்கிய சுள்ளி. பனியைத் தள்ளிவிட்டால் போதும், ஓடு வேய்ந்து சரிவு வைக்கத் தேவையில்லை. ஆனால் மழை கொஞ்சம் அதிகமாகப் பெய்தாலே இந்தக் கூரைகள் ஒழுகும், சுவர் கரையும். அங்கே ஒரு மாதத்து மழைக் கணக்கைப் பார்த்துவிட்டு "நம்ம ஊரில் ஒரு சாயங்காலத்து மழை" என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீடுகள் அந்த அளவுக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

பச்சைப் புள்ளிகளைத் தேடுங்கள்

இதுதான் எனக்குப் பிடித்த வேலை, நேரம் இருந்தால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதற்கே கொடுங்கள். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் சென்டினல்-2 படங்கள் கோப்பர்நிகஸ் பிரவுசரில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கணக்கு தொடங்கினால் போதும். 10 மீட்டர் துல்லியம், மேகம் இல்லாவிட்டால் ஐந்து நாளுக்கு ஒரு படம். காஸா பகுதியை எடுத்துக்கொண்டு பிப்ரவரி, மே கடைசி, ஆகஸ்ட் நடு என்று மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிப்ரவரியில் வெள்ளை. மேயில் பழுப்பு, உச்சிகளில் மட்டும் பனி. ஆகஸ்டில் அந்தப் பழுப்புக்கு நடுவே சின்னச் சின்னப் பச்சைத் திட்டுகள். பயிரைச் சிவப்பாகக் காட்டும் போலி வண்ண முறைக்கு மாற்றினால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

இப்போது ஒவ்வொரு திட்டும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆற்றை ஒட்டி இருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம், காவிரிக் கரையைப் பார்த்து வளர்ந்த கண் அப்படித்தான் நினைக்கும். அங்கே அப்படி இல்லை. ஸ்பிதி ஆறு அகலமான சரளைப் படுகையில் பல கிளையாகப் பிரிந்து ஓடுகிறது, மேட்டு நிலத்துக்குக் கீழே ஆழமாக வெட்டிக்கொண்டு போகிறது. அந்தத் தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டும் வயலுக்கு ஏற்ற முடியாது. வயல்கள் பெரும்பாலும் பக்கவாட்டு ஓடைகள் மலையிலிருந்து இறங்கி வண்டலை விசிறி மாதிரி பரப்பும் இடத்தில் இருக்கின்றன. காஸாவே அப்படி ஒரு விசிறியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர்.

திட்டைக் கண்டுபிடித்ததும் அதன் மேல்பக்கத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். இதற்குச் சென்டினல் போதாது, கூகுள் எர்த்துக்குத் திரும்புங்கள். மலைச்சரிவில் ஏறக்குறைய மட்டமாக ஒரு மெல்லிய கோடு போகும், கோட்டுக்குக் கீழே லேசான பச்சை ஒட்டியிருக்கும். அதுதான் கூல், அவர்களுடைய வாய்க்கால். பனியாறு அல்லது ஊற்று இருக்கும் இடத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் சரிவைச் சுற்றிக்கொண்டு வந்து வயலுக்கு மேலே ஒரு குட்டையில் நிறையும். நம் கிராமங்களில் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்காரர் முறை வைத்து மடை திறந்துவிடுவது போலவே அங்கேயும் வீட்டுக்கு வீடு முறை உண்டு, யாருக்கு எந்த நேரம் என்று பரம்பரையாக வரும் உரிமை. கோட்டை மேல்முனைவரை தேடிப் பிடித்துவிட்டால் அந்த ஊரின் உயிர்நாடியைப் பார்த்துவிட்டீர்கள்.

அடுத்ததாக லாங்சா, ஹிக்கிம், கோமிக் மூன்றையும் தேடுங்கள். காஸாவுக்கு மேலே, 4,400 மீட்டரிலும் அதற்கு மேலும் இருக்கும் ஊர்கள். இவற்றுக்கு மேலே பெரிய பனியாறுகள் எதுவும் தண்ணீர் அனுப்பவில்லை. அந்த வருஷத்துப் பனி உருகுவதும் ஊற்றுகளும்தான். பனி குறைந்த குளிர்காலத்துக்கு அடுத்த கோடையில் முதலில் அடிவாங்குவது இந்த மேல்ஊர்கள்தான், கீழே உள்ளவை அல்ல. உங்களுக்கு நேரம் இருந்தால் வெவ்வேறு வருஷத்து ஆகஸ்ட் படங்களை எடுத்து இந்த ஊர்களின் பச்சைத் திட்டு எப்படிக் கூடிக் குறைகிறது என்று நீங்களே பாருங்கள். "வண்டி போகும் உலகின் உயரமான ஊர்" என்ற பலகைக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊரின் குடிநீர்க் கவலை தெரியும்?

டோப்போஷீட்டை எடுத்து வையுங்கள்

டோப்போஷீட் என்பது நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள்களில் பலவற்றை அவர்களுடைய தளத்திலேயே பதிவு செய்துவிட்டு இறக்கிக்கொள்ளலாம். எல்லையோரத் தாள்கள் எல்லாம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மட்டம், அவ்வளவுதான் அடிப்படை. பெயர்களில் 'லா' என்று முடிவது கணவாய், 'நாலா' ஓடை, 'கொம்பா' மடாலயம்.

பயிற்சிக்கு கிப்பரையும் சிச்சமையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். நடுவில் மட்டும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கருப்பாகத் தெரியும், அது ஒரு பயங்கரமான பள்ளம். 2017-ல் பாலம் திறக்கும்வரை இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குக் கம்பிக் கயிற்றில் தொங்கும் பெட்டியில் போக வேண்டும், இல்லையென்றால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். கோடு நெருக்கத்தைப் பார்த்து இதை நீங்களே சொல்ல முடிந்தால் டோப்போஷீட் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

தாளில் ஷில்லா என்ற சிகரமும் இருக்கும். 1860-ல் சர்வே துறையின் கலாசி (உதவியாள்) ஒருவர் அதன்மேல் அளவைக் கம்பத்தை நட்டுவிட்டு வந்தார். அதன் உயரம் 7,000 மீட்டருக்கு மேல் என்று அப்போது கணக்குப் போட்டதால், மனிதன் ஏறிய மிக உயரமான இடம் அதுதான் என்று பல காலம் நம்பப்பட்டது. பிறகு சரியாக அளந்தபோது 6,100 மீட்டர் சொச்சம் என்று தெரிந்தது. ஏறியவரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை, எனக்கு அதுதான் வருத்தம். அந்தக் கம்பத்தை நட வைத்தது, நாடு முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் முக்கோண அளவை; அதன் முதல் அடிக்கோட்டை 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அளந்தது நம் பரங்கிமலைப் பக்கத்தில்தான்.

வெயில் எந்தப் பக்கம்

தண்ணீருக்கு அடுத்த கேள்வி இது. காஸாவைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் கீ, கிப்பர், லாங்சா, தெமுல், தாங்கர், தாபோ என்று ஊர்களைப் புள்ளி வைத்துப் பாருங்கள், பெரும்பாலானவை ஆற்றின் இடது கரையில் விழும். அந்தச் சரிவு தென்மேற்கைப் பார்த்தது. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போகும் மாதங்களில் அங்கேதான் அதிக நேரம் வெயில் விழும், பனி முதலில் உருகும், விதைப்பை முதலில் தொடங்கலாம். எதிர்க்கரையில் நிழல் நீண்டு கிடக்கும். விதிவிலக்குகள் உண்டு, ரங்கிரிக் எதிர்க்கரையில்தான் இருக்கிறது. கூகுள் எர்த்தில் சூரிய ஒளியை ஓட்டிப் பார்க்கும் வசதியை டிசம்பர் மாதத்துக்கு வைத்து நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள்

ஸ்பிதிக்கு இரண்டு வாசல்கள். ஒன்று சிம்லா, ராம்பூர், கின்னௌர், நாக்கோ வழியாகச் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஏறி வருவது. நிலச்சரிவு அடைக்காவிட்டால் வருஷம் முழுக்க ஏறக்குறைய திறந்திருக்கும். மற்றது மணாலியிலிருந்து கிராம்ஃபூ, சத்ரு, பாதல், குன்சும் வழி, மே அல்லது ஜூன் வாக்கில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடிவிடும். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்தபோது ஸ்பிதிக்கும் குளிர்கால வழி கிடைத்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். கிடைக்கவில்லை. சுரங்கம் ரோதாங் கணவாயைத்தான் தவிர்க்கிறது, அதன் பலன் மாவட்டத்தின் மறுபகுதியான லாஹௌலுக்கு. ஸ்பிதிக்கு நடுவில் 4,500 மீட்டருக்கு மேல் குன்சும் அப்படியே நிற்கிறது. கேலாங்கில் இருக்கும் மாவட்டத் தலைமையகத்துக்கு ஒரு ஸ்பிதிக்காரர் ஜனவரியில் தரைவழியாகப் போக வேண்டுமென்றால், சிம்லா பக்கமாக மலையையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். வரைபடத்தில் எல்லைக்கோடு போட்டு ஒரே மாவட்டம் என்று சொல்லிவிடலாம், பனிக்காலத்தில் அவை இரண்டு வேறு உலகங்கள்.

எனவே தூரத்தை மணியில் எழுதுங்கள். கிராம்ஃபூவிலிருந்து பாதல் வரை சுமார் 50 கிலோமீட்டர்தான், ரோடு நிலவரத்தைப் பொறுத்து அதுவே அரை நாளை விழுங்கும். அந்த வழியில் ஓடைகள் ரோட்டின் மேலேயே பாயும். ராத்திரி உறைந்த பனி பகல் வெயிலில் உருகி மத்தியானத்துக்கு மேல்தான் வேகமாக வரும், ஆகையால் விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் தாண்டிவிடுங்கள். காலையில் பைக்கில் கடந்த அதே ஓடை சாயங்காலம் காரையே நிறுத்திவிடும். பருவம் என்று நம்பியும் அசட்டையாக இருக்கக் கூடாது: 2023 ஜூலையில், சீசன் நடுவிலேயே, சந்திரதால் ஏரி முகாமில் ஏறக்குறைய 300 பேர் பனியில் மாட்டிக்கொண்டு மீட்கப்பட்டார்கள்.

முதல் தடவை போகிறவர்கள் சிம்லா வழியாக ஏறுங்கள், உயரம் மெதுவாகக் கூடும், உடம்பு பழகும். தலைவலியும் வாந்தியும் ஒன்றாக வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகாமல் கீழே இறங்குங்கள். பெட்ரோல் பங்க் காஸாவில் இருக்கிறது, அதை விட்டால் அடுத்தது வெகுதூரம். இந்தியர்களுக்கு இந்த ரோட்டில் தனி அனுமதி வேண்டாம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கின்னௌர் எல்லையோரப் பகுதிக்கு அனுமதி வாங்க வேண்டும், கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாறை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிதியின் பாறைகள், இமயமலை எழுவதற்கு முன் அங்கே இருந்த டெதிஸ் கடலின் அடியில் படிந்தவை. லாங்சாவைச் சுற்றி ஜுராசிக் காலத்துக் கருங்களிப் பாறையில் அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரின் கல்லாகிப்போன சிப்பிகள் கிடைப்பது அதனால்தான். பின் பள்ளத்தாக்கின் கடைசி ஊரான மூத் பெயரில் ஒரு பாறை வரிசையே புவியியல் பாடத்தில் இருக்கிறது. சிப்பிக் கல்லைப் பொறுக்கவோ குழந்தைகளிடம் விலைக்கு வாங்கவோ செய்யாதீர்கள், எடுத்துவிட்டால் அந்த அடுக்கின் கதை போய்விடும். நிலம் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது: 1975 ஜனவரியில் கின்னௌர் நிலநடுக்கம் ஸ்பிதியையும் உலுக்கியது.

ஆட்கள் ஏன் குறைவு

இப்போது ஆரம்பத்து எண்ணுக்கு வரலாம். வயல், வாய்க்கால் தண்ணீர் போகும் எல்லையோடு முடிகிறது, அதைப் பெருக்க முடியாது. எனவே பழைய ஸ்பிதியில் வீடும் நிலமும் மூத்த மகனுக்கு மட்டும், இளையவர்கள் பலர் மடாலயத்துக்குப் போனார்கள். நிலம் துண்டாகவில்லை, குடும்பங்களின் எண்ணிக்கையும் கட்டுக்குள் நின்றது. தாபோ மடாலயம் 996-ல் தொடங்கியது, அப்படியென்றால் இந்தக் கணக்குக்கு எவ்வளவு வயது என்று யோசித்துப் பாருங்கள். இப்போது அரசு வேலை, சுற்றுலா, வெளியூர்ப் படிப்பு எல்லாம் வந்து இந்த முறை தளர்ந்துகொண்டிருக்கிறது.

வயலுக்கு வெளியே இருக்கும் நிலமும் சும்மா கிடக்கவில்லை. ஒவ்வொரு சரிவும் ஏதோ ஒரு ஊரின் மேய்ச்சல் எல்லை. யாக், சோ (யாக்கும் மாடும் கலந்த இனம்), ஆடு, கழுதை, பின் பள்ளத்தாக்கில் பேர்போன சாமுர்த்திக் குதிரைகள், இவற்றோடு கோடையில் கணவாய் தாண்டி ஆட்டுக் கூட்டத்தை ஓட்டி வரும் 'கத்தி' (Gaddi) என்ற இனத்து மேய்ப்பர்கள். சாட்டிலைட் படத்தில் மேட்டுப் புல்வெளியில் வட்டமாகக் கல் அடுக்கிய பட்டிகள் தெரியும், அவற்றையும் எண்ணுங்கள். கணக்கெடுப்பில் வராத குடியிருப்பு அது.

நேரில் போனால் ஹோம்ஸ்டேயில் தங்கி வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: உங்கள் கூல் எங்கே தொடங்குகிறது, இந்த வருஷம் எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, உங்கள் ஆடுமாடு எந்த மலைவரை போகும், குளிர்காலத்தில் யாரெல்லாம் ஊரில் தங்குவார்கள். ஹிந்தி ஓரளவு தெரிந்தால் போதும். வாய்க்கால் கரையை மிதிக்காமல் தாண்டுங்கள், ஒரு இடத்தில் உடைந்தால் கீழே பல வீட்டு முறை கெட்டுப்போகும்.

திரும்பி வந்ததும், அந்த ஊர்க்காரர்கள் சரி என்று சொன்னால், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கூல், ஊற்று, பட்டி, நடைபாதை எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். அங்கே இன்னும் குறிக்கப்படாதவை ஏராளம், யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கித் திருத்தலாம். பெயரை ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரியே போடுங்கள். பனிச்சிறுத்தை தங்கும் குகை, சிப்பிக் கல் நிறையக் கிடைக்கும் ஓடை, இந்த இரண்டையும் மட்டும் எங்கேயும் குறிக்காதீர்கள்.